ரசம் ஓடிய பக்கம்

1. கடலை அளந்தவன்

கொள்ளிடத்தில் முதன்முதலாகத் தரைமட்டம் அளந்து லெவல் எடுக்கப் போன அன்று எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அதற்கு முன் நான்கு வருடம் கிழக்குக் கடற்கரையில் சர்வே செய்திருந்தேன். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, கரை எவ்வளவு இளைத்திருக்கிறது, எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. கடல் ஓர் ஊர்க் கரையைச் சுரண்டித் தின்னும். தின்றதை அடுத்த ஊர்ப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் நாக்கை நீட்டியதுபோல ஒரு மணல்திட்டு வளரும். அதை அளந்து வரைபடம் போட்டு முடிப்பதற்குள் அது வேறு பக்கம் திரும்பியிருக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆறு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் புத்தூரில் ஒரு சின்ன சர்வே ஆபீஸில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் ஜெயந்தி மேடம். அரசாங்க வேலையில் இன்ஜினியராக இருந்து, பாதியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால், எதிரே நிற்பவர் தன் கணக்கை இன்னொரு தடவை பார்க்க ஆரம்பித்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார்.

"ஃபீல்டு புக்ல எதையும் அழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டு அடிங்க, அடியில இருக்கறது தெரியணும். ரிமார்க்ஸ் காலத்தை மட்டும் காலியா விடாதீங்க. கண்ணுல பட்டது எதுவா இருந்தாலும் எழுதுங்க."

ஃபீல்டு புக் என்பது நாங்கள் களத்தில் ரீடிங் குறிக்கும் நீளமான நோட்டு. அதன் வலது ஓரத்தில் குறிப்பு எழுத ரிமார்க்ஸ் என்று ஒரு காலம் இருக்கும். "மழை", "மாடு குறுக்கே வந்தது", "வெயில் ஜாஸ்தி" என்று நான் அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். மேடம் அதையும் விடாமல் படிப்பார்.

எங்களுக்கு வந்த வேலை இதுதான். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் ஆறு வளைகிற ஓர் இடம். வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் முட்டி மோதிக் கரையை அரிக்கும். உள்பக்கத்தில் வேகம் குறைந்து மணலைப் போட்டுவிட்டுப் போகும். கடல் செய்வதும் இதைத்தான், நிதானம் மட்டும் வேறு. நாங்கள் வேலை செய்த கரை வெளிப்பக்கம். அங்கே கரைச்சரிவில் கருங்கல் பதிக்க, ஆற்றைப் பராமரிக்கும் அரசாங்கத் துறையில் முடிவு செய்திருந்தார்கள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்பதுதான் கேள்வி. மழைக்கு முன் ஒருமுறை, வெள்ளம் வந்து வடிந்த பிறகு ஒருமுறை என்று கரையடி மட்டத்தை நாங்கள் அளந்து தர வேண்டும். மட்டம் இறங்கிய இடத்துக்குக் கல் உண்டு. ஏறிய இடத்துக்குக் கல் கிடையாது.

அந்த நீளத்தின் கிழக்கு முனையில் ஏழு வீடுகள் இருந்தன. கடைசி வீடு மல்லிகா அம்மாவுடையது. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். இந்த அம்மா தனியாளாக நின்று பூவன் வாழை போட்டு, வீடும் கட்டி, பெண்ணை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தார். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் எட்டு வரிசை வாழை, ஒரு மோட்டார் கொட்டகை. அவ்வளவுதான் இடைவெளி. கல் தன் வீட்டுக்கு முன்னால் நின்றுவிடுமா, தாண்டிப் போகுமா என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. எனக்கு அது வரைபடத்தில் இத்தனையாவது மீட்டர் என்று குறிக்கிற ஒரு எண்.

2. சிவப்புப் பொட்டு

என்னோடு ஸ்டாஃப் பிடிக்க வந்தவர் காதர் பாய். பாலக்கரைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்டாஃப் என்பது நான்கு மீட்டர் உயர அளவுகோல். அதை அளக்க வேண்டிய இடத்தில் நேராக நிறுத்த வேண்டும். நான் தூரத்தில் ஆட்டோ லெவல் கருவி வழியாக அதைப் பார்த்து எண்ணைக் குறிப்பேன். ஜி.பி.எஸ். வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் உயரத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகப் பிடிக்க எங்கள் ஆபீஸில் ஆட்டோ லெவலைத்தான் நம்பினோம். ஸ்டாஃபைப் பிடிப்பது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், இடுப்பளவு தண்ணீரில், காலடி மணல் நழுவிக்கொண்டிருக்கும்போது, அதை ஆடாமல் அசையாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாய் நின்றால் கோயில் தூண் மாதிரி நிற்பார். வாய் மட்டும் நிற்காது.

உயரம் அளக்க ஒரு ஆரம்பப் புள்ளி வேண்டும். அதுதான் பெஞ்ச் மார்க். அதன் உயரம் நிச்சயமாகத் தெரிந்தால்தான் மற்ற எல்லாம் சரியாக வரும். அரசாங்கம் வைத்த நிரந்தரப் பெஞ்ச் மார்க் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பாலத்தருகே இருந்தது. முதல் வருடம் அங்கிருந்து லெவலைக் கடத்திக் கொண்டுவந்தோம். கருவியை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, ஒரு பகல் முழுக்க ஆனது. வந்து சேர்ந்த இடத்தில், மல்லிகா அம்மா தோட்டத்தை ஒட்டி, ஒரு பழைய படித்துறை இருந்தது. பெரிய பெரிய கருங்கல் படிகள். எங்கள் தொழிலில் கல் படிக்கட்டைக் கண்டால் விட மாட்டோம். யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, பெயர்த்தெடுக்கவும் மாட்டார்கள். மேலிருந்து நான்காவது படியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து, இதுதான் நம் பெஞ்ச் மார்க் என்று குறித்துக்கொண்டேன். இனிமேல் பாலம் வரை நடக்க வேண்டாம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

மதியச் சாப்பாடும் அந்தப் படியில்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்கி வருவோம். இலை மட்டும் மல்லிகா அம்மா தோட்டத்திலிருந்து அறுத்துக் கொடுப்பார். பாய் எப்போதும் கரைக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்காருவார். முதல் நாள் ரசத்தை ஊற்றினார். படி லேசாகக் கரைப் பக்கம் சாய்ந்த உள்வாட்டம் போலிருக்கிறது, ரசம் நேராக அவர் மடிக்கு வந்தது. சோற்றால் அணைகட்டுவதற்குள் பேண்ட்டில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை அதைச் சொல்லியே புலம்பினார். கரை கட்டுவதற்கு முன்னால் லெவல் எடுத்திருக்க வேண்டும் பாய் என்று நானும் கிண்டலடித்துத் தீர்த்தேன்.

3. ஏறிய ஆறு

அந்த வருடம் வெள்ளம் வரவில்லை. மறு வருடம் வந்தது, வடிந்தது. மீண்டும் போனோம். படித்துறையின் மேல் படிகளை வண்டல் மூடியிருந்தது. நான்காவது படியில் என் சிவப்புப் பொட்டு கொஞ்சம் வெளுத்து, ஆனால் பத்திரமாக இருந்தது. பாலத்தில் ஆரம்பித்து வர வேண்டும் என்பது முறை. ஒரு பகல் வேலை. கருங்கல் எங்கே போகப் போகிறது என்று நேராகப் படியிலிருந்தே ஆரம்பித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், மேற்குப் பக்கம் ஆற்றடி இறங்கியிருந்தது. கிழக்கே, மல்லிகா அம்மா வீட்டுப் பக்கம், ஏழு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. வளைவு முடிகிற இடமாதலால் மணல் படிந்திருக்கிறது என்று நினைத்தேன். கரைமேல் தோட்டமும் உயர்ந்திருப்பதாகக் காட்டியது. அதற்கும் வண்டல் என்று காரணம் வைத்திருந்தேன். கெட்டிக்காரனுக்குக் காரணமா கிடைக்காது.

மல்லிகா அம்மா என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனார். வாழை வரிசைகளுக்கு நடுவில், ஆற்றுக்கு இணையாக, தரையில் நீளமாக ஒரு விரிசல். மோட்டார் கொட்டகைச் சுவரிலும் ஒன்று.

"கரை அடியில போகுது சார். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி படுத்தா எனக்கு இதே நெனப்புதான்."

நான் கடற்கரை அனுபவத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். களிமண் காய்ந்தால் வெடிக்கும், இது அரிப்பு இல்லை, உங்கள் பக்கம் மணல் ஏறித்தான் இருக்கிறது, வண்டல்கூட நிறையப் படிந்திருக்கிறது என்றேன். வண்டல் இரண்டு விரற்கடைதான் சார் என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா அதற்குமேல் வாதாடவும் இல்லை. இலை வேண்டுமா என்று மட்டும் கேட்டு, இரண்டு தலைவாழை இலை அறுத்துக் கொடுத்தார். இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அன்று நான் கருவி பக்கத்திலேயே நின்றபடி இரண்டு வாய் தயிர்சாதம் போட்டுக்கொண்டேன். பாய் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து இலை போட்டார். போன வருடப் பேண்ட் ஞாபகம் இருந்திருக்கும், ரசம் ஊற்றுவதற்கு முன்பே தன் பக்கம் சோற்றால் கரை கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"சார், ரசம் இந்த வருஷம் ஆத்துப் பக்கம் ஓடுது. நான் இந்தப் பக்கம் கரை கட்டி வேஸ்ட்டாப் போச்சு."

நான் சிரித்தேன். ரிமார்க்ஸ் காலம் காலியாக இருந்தது. "மதிய உணவு. காதர் பாய் இலையில் ரசம் ஆற்றுப் பக்கம்" என்று விளையாட்டாக எழுதிவைத்தேன்.

4. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்

ரிப்போர்ட் போய்விட்டது. கிழக்கு முனையில் மணல் படிகிறது, கல் தேவையில்லை என்று அதில் இருந்தது. அடுத்த திங்கள்கிழமை துறை ஆபீஸில் கூட்டம். அங்கே கையெழுத்தாகிவிட்டால் கல் பதிப்பு ஏழு வீடுகளுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மேடம் ஃபீல்டு புக்கை ஃபைலில் சேர்ப்பதற்காகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். ரசம் எழுதிய வரியில் அவர் விரல் இருந்தது. நான் பேண்ட் கதையையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருஷம் அவர் பக்கம் ஓடுச்சு. இந்த வருஷம் ஆத்துப் பக்கம். அதே படிதானே?"

"அதே படிதான் மேடம்."

"பெஞ்ச் மார்க்கும் அதே படிதான். பாலத்துல செக் பண்ணிட்டு வந்தீங்களா?"

"இல்ல மேடம், படியிலிருந்தே ஆரம்பிச்சேன்" என்றேன். மேலே எதுவும் கேட்காமல் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படியை வரைந்தார். படி உள்வாட்டத்திலிருந்து வெளிவாட்டமாகத் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் அது ஆற்றுப் பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் இறங்கியும் இருக்கும். நான் நிற்கிற கல் இறங்கியது எனக்குத் தெரியாவிட்டால், மற்றதெல்லாம் ஏறியதாகத்தான் தெரியும். ஆற்றடியும் ஏறும், தோட்டமும் ஏறும். மேற்கே இறக்கம் பெரிதாக இருந்ததால் தப்பான கணக்கிலும் இறக்கமாகவே வந்துவிட்டது. கிழக்கே மட்டும் இறக்கம் ஏற்றமாக மாறியிருக்கலாம்.

அதைப் புரிந்துகொண்ட அந்த நிமிடத்தில், நான் வெட்கப்பட்டதைவிட அதிகமாகப் பிரமித்தேன். ரிமார்க்ஸில் கிடந்த ஒரு கேலி வரியைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடியே ஆற்றங்கரைக் கல் சாய்ந்ததைக் கண்டுபிடித்த மூளை அது. இத்தனை வருடத்தில் அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மூவரும் பாலத்துக்குப் போனோம். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையோடு இரண்டு கிலோமீட்டரும் கூடவே நடந்தார். பாய்க்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஸ்டாஃபை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பதுபோல நின்றார். மதியத்துக்குப் படித்துறை வந்து சேர்ந்தோம். சிவப்புப் பொட்டில் ஸ்டாஃப் நின்றது. ரீடிங்கை இரண்டு தடவை பார்த்தேன். கருவியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்து இன்னொரு தடவையும் பார்த்தேன். படி பத்தொன்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

ஏழு ஏற்றம் இல்லை, பன்னிரண்டு இறக்கம். பாய் மண்வெட்டி வாங்கிவந்து மேல் படிகளின் வண்டலை வழித்தார். படிக்கட்டுக்கும் கரைக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு இருந்தது. கிழக்கே அடிமண் போய்க்கொண்டிருந்தது, படித்துறையும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அரிப்பை அளக்க வந்தவன், அரிபடுகிற கல்லின் மேலேயே நம்பிக்கையாகக் காலை ஊன்றியிருக்கிறேன். கடற்கரையில் இந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை. அங்கே கடல்மேல் பயம் இருந்தது, பெஞ்ச் மார்க்கை ஊருக்குள் தள்ளித்தான் வைப்போம். ஆற்றின்மேல் எனக்குப் பயம் இல்லாமல் போனதுதான் வினை.

மல்லிகா அம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், தப்பு என்னுடையது அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

5. சாட்சி

திருத்திய தாளைச் சத்தமில்லாமல் ஃபைலில் மாற்றி வைத்திருக்கலாம். பல ஆபீஸில் அப்படித்தான் நடக்கும். மேடம் என்னையும் பாயையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கே போனார். எழுந்து நின்று, எங்கள் பெஞ்ச் மார்க் தவறு, எங்கள் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம், இது சரியான கணக்கு, கல் கிழக்கே ஏழு வீடுகளையும் தாண்டிப் போக வேண்டும் என்றார். என் பெயரை இழுக்கவே இல்லை. எங்கள் ஆபீஸ் செய்த தவறு என்றுதான் சொன்னார். இனிமேல் எங்களுக்கு வேலை தருவார்களா என்பதே சந்தேகமாகத்தான் இருந்தது.

பெரிய இன்ஜினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. வரைபடமெல்லாம் தயார், இப்போது வந்து சொல்கிறீர்களே, எதை வைத்துச் சந்தேகம் வந்தது என்று கேட்டார். மேடம் ஃபீல்டு புக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் வாய்விட்டுப் படித்தார். ரசம் என்றதும் அறை முழுக்கச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு வருட வாட்டத்தையும் பலகையில் வரைந்து காட்டினார். வரைந்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"இதைக் கவனிச்சது யாரு?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"எங்க ஸ்டாஃப்மேன், காதர் பாய்" என்று மேடம் கைகாட்டினார். கதவோரம் நின்றிருந்த பாய்க்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெரிய இன்ஜினியர் மறுநாளே தளத்துக்கு வந்து பிளவில் கையை விட்டுப் பார்த்தார். கல் கிழக்கே நீண்டது. கரையைவிட்டுப் பிரிந்த படித்துறையை வெளியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் சரிவில் பதித்தார்கள். திருத்திய ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் களப்பணியாளர்கள் என்று மேடம் மூன்று பெயர்கள் எழுதியிருந்தார். அதில் ஒன்று பாய் பெயர். இருபது வருடம் அவர் பிடித்த ஸ்டாஃபில் எத்தனையோ ரிப்போர்ட் எழுதப்பட்டிருக்கும், ஒன்றிலும் அவர் பெயர் வந்ததில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

அடுத்த வெள்ளம் கல் பதித்து முடித்த சில மாதங்களில் வந்தது. முந்தைய வருடத்தைவிடப் பெரியது. மூன்றாம் நாள் காலை மல்லிகா அம்மாவிடமிருந்து போன்.

"சார், நீங்க செவப்புப் பொட்டு வெச்ச படித்துறை முழுசா போயிடுச்சு. நேத்து வரைக்கும் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "வீடு இருக்கு சார். ஏழும் இருக்கு."

ஏதோ பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், கருவி பற்றி அதிகம் சொல்வதில்லை. எதன்மேல் நின்று அளக்கிறீர்களோ அதை முதலில் அளந்துவிடுங்கள் என்கிறேன். கூட வேலை செய்பவர் சாப்பிடும்போது சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். இந்த ஊரே ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தது ஒரு பக்கம் எடுத்துக்கொண்டும் இருக்கும். அந்த வேலையை அது எவ்வளவு அழகாகச் செய்கிறது என்று வியக்க எனக்குக் கடல் போதவில்லை, கொள்ளிடம்தான் வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் பாயும் நானும் போனோம். பாலத்திலிருந்து ஆரம்பித்துத்தான். புதுப் பெஞ்ச் மார்க்கைக் கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வைத்தோம். கரையடியில் பதித்த கல் ஒன்றுகூட அசையவில்லை. மதியம் மல்லிகா அம்மா எங்களைப் பார்சல் பிரிக்க விடவில்லை, மோட்டார் கொட்டகைத் தரையிலேயே இலை போட்டுவிட்டார். பாய் கொட்டகைச் சுவருக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். கரை எதுவும் கட்டாமல் ரசத்தை ஊற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். ரசம் எந்தப் பக்கமும் போகாமல் சோற்றைச் சுற்றி நின்றது.

"எழுதிக்கங்க சார்" என்றார்.

சாப்பிடுகிற கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் ஃபீல்டு புக்கைத் திறந்து எழுதினேன்.